ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், ஒன்பது உரிமையாளர்கள்

கடிதம் எழுதியவர் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பெயர், ஊர், சர்வே எண் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய தாத்தா மாட்டுவண்டி ஓட்டிச் சேர்த்த பணத்தில் 1968-இல் 1 ஏக்கர் 40 சென்ட் நிலம் வாங்கினார். பதிவு செய்த கிரையப் பத்திரம் இருக்கிறது. 1991-இல் உயில் எழுதாமல் காலமானார். அந்த இறப்பு இன்றுவரை பதிவாகவில்லை. பாட்டி 2003-இல் காலமானார். பிள்ளைகள் நான்கு பேர்: பெரியப்பா, பெரிய அத்தை, வாசகரின் அப்பா, சின்ன அத்தை. பெரிய அத்தை 2009-இலும் அப்பா 2016-இலும் இறந்துவிட்டார்கள். பெரிய அத்தையின் கணவர் இருக்கிறார். அவர்களுடைய மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். மகன் 2021-இல் கொரோனாவில் இறந்துபோனார். அவருடைய மனைவி 9 வயதுப் பெண் குழந்தையோடு தேனிப் பக்கம் தாய்வீட்டில் இருக்கிறார். வாசகரின் வீட்டில் அம்மா, அவர், தங்கை.

பட்டா 1980-களிலிருந்து பெரியப்பா பெயரில் இருக்கிறது. நான்குவழிச்சாலை அருகில் என்பதால் நல்ல விலைக்கு ஆள் வந்தார். பெரியப்பாவும் வாசகரும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, பதிவு செய்யாமல், 5 லட்சம் முன்பணம் வாங்கிவிட்டார்கள். ஆறு மாதக் கெடுவில் மூன்று மாதம் ஓடிவிட்டது. இப்போது வாங்குபவரின் வக்கீல் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

வாசகர் கேட்பது இது: "முதலில் பெரியப்பா பேருக்கும் எங்கள் பேருக்கும் பாதிப் பாதியாகச் சொத்தை மாற்றிக்கொண்டு அப்புறம் விற்கலாமா? அத்தைகள் இரண்டு பேருக்கும் 1989-க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதால் பங்கு கிடையாது என்கிறார் பத்திரம் எழுதுகிறவர். சின்ன அத்தை 1998-இல் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். அத்தை மகனின் மனைவிக்கு மறுமணம் பேசுகிறார்கள், அதனால் அவருக்கும் எதுவும் இல்லை என்று பெரியப்பா சொல்கிறார். கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்க வழி சொல்லுங்கள், வக்கீலம்மா."

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்திரம், பட்டா, கெடு, விலை எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 9 வயதுக் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரிதான். ஆனால் உங்கள் விற்பனை தேறுமா தேறாதா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் சில தவறான எண்ணங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றும் நீங்களாக உண்டாக்கியதல்ல. ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் நீங்களும் நம்பியிருக்கிறீர்கள்.

தாத்தா சொத்தெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது

பேச்சு வழக்கில் தாத்தா வைத்துவிட்டுப் போனதையெல்லாம் பூர்வீகம் என்கிறோம். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் குறுகலானது. உங்கள் தாத்தா தன் கைக்காசு போட்டுத் தன் பெயரில் வாங்கியது அவருடைய சுயசம்பாத்தியம். அவர் உயில் எழுதாமல் 1991-இல் இறந்ததால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் அன்றைக்கே சம பங்கு போய்விட்டது. மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, எந்த வருஷம் ஆனது என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

பத்திரம் எழுதுகிறவர் சொன்ன 1989 என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றுவரை திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களைப் போலப் பிறப்புரிமை கொடுத்தார்கள். பிறகு 2005-இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு, திருமணமான மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. உங்கள் தாத்தாவின் 1968-ஆம் வருஷக் கிரையத்துக்கு இவை பொருந்தா. அத்தைகளின் பங்கு 1956-இலேயே எழுதிவைத்த சட்டத்திலிருந்து வருகிறது.

அதே போல, "சொத்தை எங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் விற்கலாமா" என்ற கேள்வியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. உரிமை மாறுவதற்கு எந்த அலுவலகமும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இறந்த நொடியில் அது வாரிசுகளிடம் போய்விடுகிறது. அப்புறம் நாம் செய்வதெல்லாம், போய்விட்ட உரிமையைப் பதிவேடுகளில் ஏற்றுவதுதான். அதனால் இரண்டு குடும்பங்களின் பெயரை மட்டும் ஏற்றிவிட்டால் மற்றவர்களின் உரிமை அழிந்துவிடாது. அது பதிவேட்டில் தெரியாமல் இருக்கும், அவ்வளவே. தெரியாமல் இருக்கும் உரிமையோடு நிலத்தை விற்பதுதான் ஆபத்து.

யாருக்கு எத்தனை சென்ட்

ஒரு தாளை எடுத்து என்னோடு கணக்குப் போடுங்கள். தாத்தா இறந்தபோது 140 சென்ட்டும் பாட்டி, நான்கு பிள்ளைகள் என ஐந்து பேருக்கு 28 சென்ட் வீதம் போனது. 2003-இல் பாட்டி இறந்தபோது அவருடைய 28 சென்ட், நான்கு பிள்ளைகளுக்கும் 7 சென்ட் வீதம் போனது. ஆக ஒரு கிளைக்கு 35 சென்ட்.

பெரியப்பாவுக்கு 35. சின்ன அத்தைக்கு 35. உங்கள் அப்பாவின் 35, அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமம். ஆளுக்கு ஏறக்குறைய 11.67 சென்ட். பெரிய அத்தையின் 35, அவர் இறந்த 2009-இல் மாமா, மகன், மகள் மூவருக்கும் போனது. அங்கேயும் ஆளுக்கு 11.67. மனைவியின் சொத்தில் கணவனும் வாரிசு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நீங்களும் மாமாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த மகன் 2021-இல் இறந்தபோது அவருடைய 11.67 சென்ட், மனைவிக்கும் குழந்தைக்கும் பாதிப் பாதி. ஆளுக்கு 5.83 சென்ட். மகனுடைய பங்கிலிருந்து மாமாவுக்கு எதுவும் வராது. மனைவியும் பிள்ளையும் இருக்கும்போது தகப்பனார் முதல் வரிசை வாரிசு இல்லை.

எண்ணிப் பாருங்கள், ஒன்பது பேர். உங்கள் வீட்டுக்கு 70 சென்ட் என்று நினைத்து எழுதியிருந்தீர்கள். 35 தான், அதிலும் உங்கள் கையில் வருவது அதில் மூன்றில் ஒன்று. தங்கையின் கல்யாணக் கடன் இன்னும் அடையவில்லை என்று கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு உங்களுக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது.

பெரியப்பா பெயரில் இருக்கும் பட்டா

தமிழ்நாட்டில் யு.டி.ஆர். என்று சொல்லப்படும் நிலப் பதிவேட்டுத் திருத்தப் பணி 1980-களில் நடந்தபோது, பல ஊர்களில் பத்திரத்தைப் பார்க்காமல் அன்றைக்கு நிலத்தில் உழுதுகொண்டிருந்தவர் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தாத்தா உயிரோடு இருக்கும்போதே பட்டா பெரியப்பாவுக்கு மாறியது அப்படித்தான் இருக்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் இந்த வகைக் குளறுபடி இல்லாத கிராமத்தை நான் பார்த்ததில்லை.

பட்டா என்பது வருவாய்த் துறை யாரிடம் தீர்வை வாங்குகிறது என்பதற்கான பதிவு. அது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பெரியப்பா நாற்பது வருஷமாகத் தீர்வை கட்டியிருந்தாலும், பங்காளிகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து, விலக்கி வைத்து, 12 வருஷம் தாண்டியது என்று அவர் நிரூபித்தால் ஒழிய அது அவருடையதாக மாறாது. அவர் உங்களையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதியிருக்கிறார், அதுவே அவர் அப்படி மறுக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

ஆனால் பட்டா தேவையில்லை என்று சொல்லவில்லை. வாங்குபவர் தன் பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டும், வங்கிக் கடன் கேட்க வேண்டும்; விற்பவர்கள் பெயரில் கூட்டுப் பட்டா இருந்தால் எல்லாம் தடையில்லாமல் நடக்கும். உங்கள் விஷயத்தில் இது சாதாரண வாரிசுப் பட்டா மாறுதல் அல்ல. பட்டா தாத்தா பெயரில் இருந்திருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்தால் போதும். இங்கே பெரியப்பா பெயரைத் திருத்த வேண்டியிருக்கிறது. 1968 பத்திரத்தையும் பெரியப்பாவின் எழுத்து மூலமான சம்மதத்தையும் இணைத்துத் தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள். பிழையின் தன்மையைப் பொறுத்து அது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) வரை போகலாம். பத்திரத்தில் இருக்கும் பழைய சர்வே எண்ணும் இப்போதைய எண்ணும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்பதை வி.ஏ.ஓ.விடம், கிராமத்து நிலங்களின் விவரம் எழுதிவைத்திருக்கும் 'அ' பதிவேட்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டுக் கடைசி நாளில் பதிவு நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன அத்தை எழுதிக்கொடுத்த தாள்

அந்த இருபது ரூபாய் முத்திரைத்தாள் செல்லாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தால் அது பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும். பதிவாகாத தாளை வைத்துக்கொண்டு அவருக்குப் பங்கில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. சின்ன அத்தைக்கு இன்றைக்கும் 35 சென்ட் முழுதாக இருக்கிறது.

"எல்லாச் சீரும் செய்துவிட்டோம்" என்று பெரியப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கும் தெரியும். காதுகுத்துக்கும் சடங்குக்கும் கடன் வாங்கியாவது செய்வோம். அது உறவுக்காகச் செய்தது. அதற்குப் பதிலாக நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சின்ன அத்தை மனதார விட்டுக்கொடுக்க நினைத்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யட்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று இருக்கிறது. அத்தை பிள்ளைகளும் மாமாவும் இந்தச் சலுகையில் வரும் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் அடங்குவார்களா என்பதை மட்டும் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை, விடுதலை கேட்கவே வேண்டாம். அவரும் கிரையத்தில் ஒரு விற்பவராகக் கையெழுத்துப் போட்டு, தன் பங்குக்கான பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். 1998-இல் நிலத்துக்கு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று அவருக்கும் தெரியும். இன்று வருத்தத்தோடு போடும் கையெழுத்து, நாளை அவருடைய பிள்ளைகள் போடும் வழக்காகத் திரும்பி வரும்.

குழந்தையின் 5.83 சென்ட்

இந்த நிலத்தில் மிகச் சிறிய பங்கு இதுதான். எல்லோரையும் விடப் பாதுகாப்பானதும் இதுதான்.

முதலில் தாயின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்த அன்றே அந்த 5.83 சென்ட் அவருடையதாகிவிட்டது. நாளை அவர் மறுமணம் செய்துகொண்டாலும் கைக்கு வந்த சொத்து திரும்பிப் போகாது. பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். இளவயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு இன்னொரு வாழ்க்கை அமைவதைக் காரணம் காட்டி அந்தச் சிறு நிலத்தைப் பறிக்கப் பார்ப்பது நம் குடும்பத்துக்கு நல்ல பெயரைத் தராது.

குழந்தைக்காகத் தாய் கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். போதாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, பெற்ற தாயே காப்பாளராக இருந்தாலும் மைனரின் தனிப்பட்ட அசையாச் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், அந்தக் குழந்தை 18 வயது முடிந்து மூன்று வருஷத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். இன்றைக்கு 9 வயது. அப்படியானால் இன்னும் 12 வருஷத்துக்கு வாங்குபவரின் தலைக்கு மேல் இது தொங்கிக்கொண்டிருக்கும். மேலூர்ப் பக்கம் நான் நடத்திய ஒரு வழக்கில், வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறி ஒன்பது வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தது. வாங்குபவரின் வக்கீல் உங்கள் விற்பனையை நிறுத்தி வைத்தது தொந்தரவுக்காக அல்ல. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

கோர்ட்டுக்குப் போகாமல் முடியுமா என்று கேட்டீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் போகத்தான் வேண்டும். ஆனால் இது சண்டை வழக்கு இல்லை. நிலம் இருக்கும் இடத்தைப் பொறுத்து மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் தாய் மனுப் போட வேண்டும். விற்பது குழந்தைக்கு நன்மை என்று காட்ட வேண்டும்: 5.83 சென்ட் தனியாகக் கிடந்தால் பயன் இல்லை, மொத்தமாக விற்கும்போது நல்ல விலை கிடைக்கிறது, படிப்புக்குப் பணம் தேவை என்பவை நியாயமான காரணங்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் பேசிய விலையையும் இணைத்துக் காட்டுங்கள். அனுமதி கொடுக்கும்போது, குழந்தையின் தொகையைத் தேசிய வங்கியில் அவள் பெயரில் வைப்பாகப் போட வேண்டும் என்று நீதிமன்றம் பெரும்பாலும் நிபந்தனை போடும். அந்த உத்தரவு எண்ணைக் கிரையப் பத்திரத்தில் எழுத வேண்டும். சில மாதம் பிடிக்கும். உங்கள் மீதிக் கெடுவுக்குள் முடியும் என்று நான் நம்பவில்லை.

செலவுக்கு அந்தப் பெண் யோசித்தால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஒன்பது பேரும் முதலில் பாகப்பிரிவினை செய்து, தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து 11.67 சென்ட்டைப் பாதையோடு ஒரு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மீதியை விற்பது. வாங்குபவர் சம்மதித்தால் இது வேகமாக முடியும். ஆனால் ஒதுக்கும் இடம் நல்ல இடமாக இருக்க வேண்டும். சாலை முகப்பு முழுவதையும் விற்றுவிட்டுக் குழந்தைக்கு வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தைக் கொடுத்தால், அந்தப் பாகப்பிரிவினையையே அவள் வளர்ந்த பிறகு கேள்வி கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இனி வரிசையாக என்ன செய்வது

இந்த வாரமே வாங்குபவரிடம் பேசுங்கள். நீங்களும் பெரியப்பாவும் போட்ட கையெழுத்து உங்கள் இருவர் பங்கை மட்டும்தான் கட்டும், 140 சென்ட்டையும் கட்டாது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும், உங்களுடையது பதிவாகவில்லை. உண்மையைச் சொல்லி, கெடுவை நீட்டித்து எழுதி வாங்குங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் 5 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அந்தப் பணத்தில் கை வைக்காமல் இருந்தால் நல்லது.

அடுத்து, ஐந்து மரணங்களுக்கும் தனித்தனியாக இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும்: தாத்தா, பாட்டி, பெரிய அத்தை, அப்பா, அத்தை மகன். தாத்தாவின் இறப்பு ஒரு வருஷத்துக்கு மேல் பதிவாகாமல் கிடப்பதால் முதலில் ஆர்.டி.ஓ.வின் உத்தரவு வாங்கித்தான் பதிவு செய்ய முடியும். இதுதான் நேரம் பிடிக்கும் வேலை, இதை முதலில் தொடங்குங்கள். வாரிசுச் சான்றுக்கு மனுப் போடும்போது அத்தைகள் பெயரை விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பொய் உறுதிமொழி கொடுப்பது குற்றம், கையெழுத்துப் போட்டவர் நீங்களாக இருப்பீர்கள்.

நிலத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1968-இலிருந்து எடுங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். பெரியப்பா பட்டாவை வைத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூலப்பத்திரம் அவருடைய பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; ஒருமுறை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகள் வர முடியாவிட்டால், தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை கட்டிச் சரிசெய்ய வேண்டும். மற்ற எல்லோரும் பெரியப்பாவுக்கே பொது அதிகாரம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு இருக்கிறது அல்லவா, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஊரில் இருப்பவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். பணம் ஒவ்வொருவருடைய வங்கிக் கணக்குக்கும் நேராகப் போகட்டும். எந்தக் கணக்குக்கு எவ்வளவு என்பதைக் கிரையப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் முக்கால்வாசி இந்த ஒரு பத்தியால் இல்லாமல் போகும்.

ஒன்பது பேரும் சேர்ந்து நேராக வாங்குபவருக்கே கிரையம் எழுதலாம், நடுவில் பாகப்பிரிவினை கட்டாயமில்லை. கிரையத்துக்கான முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழக்கப்படி வாங்குபவர் கட்டுவது.

வரி பற்றிச் சுருக்கமாக: வாரிசாக வந்ததற்கு வரி கிடையாது. விற்கும்போது லாபத்துக்கு வரி வரலாம். ஆனால் உண்மையில் விவசாயம் நடக்கும் நிலம், மதுரை மாநகராட்சி எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், பக்கத்து ஊர்களின் மக்கள்தொகையைப் பொறுத்த தூரத்தையும் தாண்டியிருந்தால், அந்த லாபத்துக்கு வரி இல்லை. வாடிப்பட்டிப் பேரூராட்சியிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்பதை அளந்து ஆடிட்டரிடம் காட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பங்குக்கு வாங்குபவர் பிடிக்கும் வரி வேறு மாதிரி, அதையும் ஆடிட்டரிடமே கேளுங்கள்.

பெரியப்பா ஒத்துவராவிட்டால்

அப்போது பாகப்பிரிவினை வழக்குத்தான். முதல்நிலைத் தீர்ப்பு, கமிஷனர் அளவீடு, இறுதித் தீர்ப்பு என்று வருஷக்கணக்கில் போகும். அதற்கு முன்னால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுப் போடுங்கள். லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் எழுதும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், நாற்பது வருஷம் அந்த நிலத்தில் உழைத்தவர்; அவரை எதிரியாக வைத்துப் பேசாதீர்கள். கிணறு வெட்டியது, வரப்புப் போட்டது என்று அவர் செலவு செய்ததற்குக் கணக்கு இருந்தால், அதை எல்லோருடைய பங்கிலிருந்தும் கழித்துக் கொடுப்பது நியாயம். அதை நீங்களே முதலில் சொன்னால் அவர் இறங்கி வருவார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. இதுவரை அத்தை மகனின் மனைவியிடம் யாரும் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அடுத்த முறை திருப்பூரிலிருந்து வரும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போங்கள். எந்தத் தாளும் கொண்டுபோக வேண்டாம், கையெழுத்தும் கேட்க வேண்டாம். உனக்கும் பிள்ளைக்கும் இவ்வளவு பங்கு இருக்கிறது, விற்பதா வேண்டாமா என்று நீயும் யோசித்துச் சொல் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் யோசித்துப் பார்த்து விற்கலாம் என்று சொன்ன பிறகு, குழந்தையின் பிறப்புச் சான்று நகல், கணவரின் இறப்புச் சான்று, அந்தப் பெண்ணின் ஆதார் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அவருக்கென்று தனி வக்கீல் இருக்கட்டும், உங்கள் வக்கீலே அவருக்கும் ஆஜராக வேண்டாம்.